ஆதம்பாவா வாங்கிய பொலிஸ் ஜீப்

திருகோணமலை பஸ் நிலையத்துக்கு எதிரே வாடகைக்கு ஹயர் கார் ஓட்டிய எங்களில் பொலிஸுக்குப் பயப்படாதவன் ஆதம்பாவா ஒருவன்தான். வீரம் ஒன்றும் காரணமில்லை. அவனுடைய லைசென்ஸ் சட்டைப் பையில் இருக்கும், ஹோர்ன் சத்தம் போடும், பிறேக் பிடிக்கும், பின்விளக்கு எரியும். மற்றவர்களுக்கு இவையெல்லாம் ஒரே நாளில் கூடிவந்ததாகச் சரித்திரமே இல்லை. பொலிஸ் கை காட்டினால் எங்களுக்கு வியர்க்கும். அவனோ தலையை வெளியே நீட்டி, "சொல்லுங்க சேர்" என்பான். இப்படி ஒழுங்காக இருக்கிற மனிதர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் அவனோடு கோபித்துக்கொண்டு அரை நாள்கூட இருக்க என்னால் முடிந்ததில்லை. அந்தச் சிரிப்பு விடாது.

கிண்ணியாதான் அவனுக்கு ஊர். புல்மோட்டை லொறியில் கிளீனராகத் தொடங்கி, பிறகு ஒரு முதலாளியின் காருக்குச் சாரதியானவன். அறுபத்து மூன்றாம் ஆண்டில் அவனுக்கு ஒரு கலியாணம் பேசினார்கள். பெண் ரபீக்கா, கருவாட்டு வியாபாரி பக்கீர் நானாவின் ஒரே மகள். அவளுக்குப் பூரண சம்மதம். தாயிடம், "முடிச்சா அவரத்தான்" என்று சொல்லியும் விட்டாள். தகப்பன்தான் முறுக்கிக்கொண்டு நின்றார். அந்தப் பக்கத்தில் மாப்பிள்ளை பெண் வீட்டில்தான் குடியிருக்கவேண்டும். அதனால் வருகிறவன் யாரென்று ஊர் என்ன கதைக்கும் என்பது பக்கீர் நானாவுக்குப் பெரிய விஷயம்.

"ஆர்டயோ கார ஓட்டுறவன எப்பிடி என்ட வீட்டுக்குள்ள எடுக்கிற? சொந்தமா ஒரு வாகனம் வெச்சு உழச்சுக் காட்டட்டும். ஹஜ்ஜுப் பெருநாள் மட்டும் பொறுப்பன். பொறகு வேற இடம் பாப்பன்" என்றார்.

அந்த நேரம் பார்த்துப் பொலிஸ்காரர் தங்கள் பழைய ஜீப்பை ஏலத்தில் விட்டார்கள். தம்பலகாமத்து வயல் வழியிலும் கிளிவெட்டிச் சேற்றிலும் எங்கள் கார்கள் பாதித் தூரம் ஓடும், மீதித் தூரம் ஆட்கள் தள்ள வேண்டும். ஜீப் என்றால் அந்தக் கவலை இல்லை. ஆதம்பாவா கையிலிருந்ததையெல்லாம் துடைத்துப் போட்டு அதை வாங்கினான்.

சாவியைக் கொடுக்கும்போது இன்ஸ்பெக்டர் சோமசேகரம் விரலை ஆட்டி ஆட்டிச் சொன்னார். நானும் பக்கத்தில் நின்றேன். "ஐசே, நல்லாக் கேளும். கதவிலை இருக்கிற பொலிஸ் எழுத்தைச் சுரண்டி எடுக்கவேணும். மேலை இருக்கிற விளக்கைக் கழற்றி என்னட்டை ஒப்படைக்கவேணும். இந்த நீலம் ஒரு சொட்டும் தெரியக்கூடாது. பொலிஸ் வாகனம் எண்டு ஒரு சனம் நினைச்சாலும் ஜீப்பை மறிச்சு உள்ளுக்கு எடுத்துப்போடுவன்."

ஒழுங்கான மனிதனிடம் சட்டம் சொன்னால் கேட்கவா வேண்டும்? எழுத்தைச் சுரண்டினான், விளக்கைக் கழற்றி ஒப்படைத்தான், வெற்றிலைப் பச்சையில் பெயின்ற் அடித்தான். கூரையில் விளக்கைப் பொருத்தியிருந்த இரும்பு வளையம் மட்டும் கழன்று வர மறுத்தது. அதற்கும் பச்சை அடித்துவிட்டான். இன்ஸ்பெக்டர் ஜீப்பைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

ஆனால் ஒன்றைக் கழற்ற ஒருவராலும் முடியவில்லை. கியர் மாற்றும்போது அந்த ஜீப் வயிற்றுவலிக்காரனைப் போல ஒரு முனகல் முனகும். நகரத்து மெக்கானிக்குகள் எல்லோரும் கைவைத்துப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார்கள். இத்தனை வருடமாக மாவட்டம் முழுவதும் பயந்து நடுங்கியது அந்த முனகலுக்குத்தான். சைக்கிளில் இரண்டு பேர் ஏறி 'டபிள்' போவது அந்த நாளில் குற்றம். போகாதவர்களும் இல்லை. முனகல் கேட்ட மாத்திரத்தில் பின்னால் இருப்பவன் குதித்து, பிறந்ததிலிருந்தே நடந்து வருபவனைப் போல நடப்பான். ஜீப் பச்சையான பிறகும் அந்தக் குதிப்பு நிற்கவில்லை. எழுத்தும் விளக்கும் சட்டத்துக்கு வேண்டியவை; சனத்துக்குக் காது போதும்.

எங்கள் சாரதிமாரும் சும்மா இருக்கவில்லை. முன்னால் பொலிஸ் நின்றால், எதிரே வருகிற வாகனத்துக்கு ஹெட்லைற்றை வெட்டிக் காட்டுவது எங்கள் வழக்கம். ஆதம்பாவா ஓடும் வழியிலெல்லாம் லைற்றை வெட்டினார்கள். எங்கே பொலிஸ் என்று அவனும் மெதுவாக ஓட்டி ஓட்டித் தேடினான். பொலிஸ் வருகிறதென்று அவனைப் பற்றித்தான் அவர்கள் ஒருவருக்கொருவர் எச்சரித்துக்கொள்கிறார்கள் என்று விளங்கியபோது அவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

சிரிப்பு நெடுநாள் நீடிக்கவில்லை. யாரும் ஹயருக்கு ஏறவில்லை. பொலிஸ் ஜீப்பில் போய் இறங்கினால், என்ன களவு என்றல்லவா அயலவன் கேட்பான்! காத்து நின்றவர்கள் அவனைத் தாண்டி வந்து, கதவு ஒழுங்காகப் பூட்டாத என் காரில் நெருக்கிக்கொண்டு ஏறினார்கள். பெருநாள் நெருங்கியது. பக்கீர் நானாவிடமிருந்து ஆள் வந்தது. 'பொலிஸுக்கு ஒற்றன் வேலை பார்க்கிறவனுக்கா மகளைக் கொடுக்கப் போகிறாய்' என்று கடைத்தெருவில் கேட்கிறார்களாம்.

அன்றைக்குத்தான் ஆதம்பாவா அழுததைக் கண்டேன். "றொபேட், இந்த ஜீப் போனாப் போகட்டும். அவ இல்லாம எனக்கு ஏலா" என்றான்.

எனக்குப் பொறுக்கவில்லை. "எழும்படா, நான் வந்து நானாவோடை கதைக்கிறன்" என்று அவனையும் இழுத்துக்கொண்டு அந்த ஜீப்பிலேயே கிண்ணியாவுக்குப் புறப்பட்டேன். களப்பைக் கடக்க அங்கே பாலம் கிடையாது. வாகனங்களையும் ஆட்களையும் ஏற்றிச் செல்லும் மிதவைதான். அதைப் 'பாதை' என்பார்கள். வரிசையில் நின்ற லொறிகளை ஒதுக்கிவிட்டுப் பாதைக்காரர் எங்களை முதலில் ஏற்றினார்கள். நான் வேண்டாமென்று சொல்லவில்லை.

அக்கரையில் இறங்கி ஒரு வளைவில் ஆதம்பாவா கியர் மாற்றினான். ஜீப் முனகியது. முன்னால் ஒரு சைக்கிள். மிதிப்பவர் ஸைனுலாப்தீன் என்ற ஊர்க்காரர், பின்னால் கரியரில் மூட்டைபோல இருந்தவர் சாட்சாத் பக்கீர் நானா! மனிதர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த உடம்போடு குதித்து நேரே வாய்க்காலுக்குள் போனார். ஸைனுலாப்தீன் சிநேகிதனை விட்டுவிட்டு, பறந்தே போய்விட்டார்.

தூக்கி எடுத்தபோது கணுக்கால் வீங்கியிருந்தது. நகரத்து ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோகவேண்டும். "இதுல ஏறமாட்டன், ஊர் பாக்கும்" என்று அந்த வலியிலும் பிடிவாதம் பிடித்தார். ஆதம்பாவா பிள்ளையைத் தூக்குவதுபோல அவரைத் தூக்கிப் பின் சீற்றில் வைத்தான். வெட்கத்தில் நானா சால்வையால் தலையை மூடிக்கொண்டார். அதைவிடப் பெரிய பிழை வேறில்லை. பாதையடியில் சந்தைக்குப் போகிற சனம் நிறைந்து நின்றது. பொலிஸ் ஜீப், உள்ளே தலையை மூடிய ஒருவர், அந்த வயிறோ கிண்ணியா முழுவதுக்கும் தெரிந்த வயிறு!

காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டு பின்னேரம் திரும்பினால், வீட்டு வாசலில் பாதி ஊர் கூடியிருந்தது. கருவாட்டு மூட்டைக்குள் தங்கம் கடத்தினாராம் என்று ஒருவர் சொல்ல, தங்கமில்லை, சுடுகிற துவக்கு என்று இன்னொருவர் திருத்திக்கொண்டிருந்தார். மனைவி உம்மு குல்சும் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். வழக்குப் பேசப் புறக்டரைக் கூட்டிவர ஆள் போய்விட்டதாம்.

நானா கதவைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் எழுந்து நின்றார். "நான் சைக்கிளால விழுந்தன்!" என்று கத்தினார்.

"சைக்கிளால விழுந்த ஆள ஏன் பொலிஸ் கொண்டு போகுது?" கூட்டத்தில் ஒரு குரல்.

"இது பொலிஸ் ஜீப் இல்ல!"

"பின்ன ஆர்ட ஜீப்?"

நானா கூட்டத்தைப் பார்த்தார், கட்டுப்போட்ட காலைப் பார்த்தார், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி குனிந்திருந்த ஆதம்பாவாவின் பிடரியைப் பார்த்தார். பிறகு அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

"இது என்ட மருமகன்ட ஜீப்! என்ட மருமகன் என்ன ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர்! கேட்டீங்களா?"

குசினிப் பக்கம் ஏதோ ஒரு சட்டி விழுந்து உருண்டது. தொடர்ந்து ரபீக்காவின் சிரிப்பும் கேட்டது. ஆதம்பாவாவுக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது.

சொன்னதை ஊர் நம்பவேண்டுமே! நானா உடனே மனைவியையும் தெருப் பிள்ளைகளையும் ஒரு ஆட்டுக்குட்டியையும் ஜீப்பில் ஏற்றச் சொன்னார். கிண்ணியாவின் தெருத் தெருவாக, ஒழுங்கை ஒழுங்கையாக முனகவிட்டு, கண்டவர் நின்றவரையெல்லாம் கூப்பிட்டு ஏற்றினார். ஆட்டுக்குட்டியை ஏற்றிக்கொண்டு போகிற பொலிஸ் எங்கே இருக்கிறது? அடுத்த நாள் காலையிலேயே கிளிவெட்டிக்கு ஒரு ஹயர் வந்தது. அதற்குப் பிறகு நான்தான் அவனிடம் ஆள் கேட்டு நிற்கவேண்டியதாயிற்று.

பெருநாள் கழித்துக் கலியாணம். மாலை அஸர் தொழுகை முடிந்து, அந்த ஜீப்பின் ஸ்டியரிங்கில் தலைப்பாகையோடு மாப்பிள்ளை, பக்கத்தில் நான், பின்னால் நிறையச் சனம் என்று ஊர்வலம் வந்தது. பெண்ணின் தகப்பனாக வாசலில் நிற்கவேண்டிய நானாவோ, பின்கதவில் தொங்கிக்கொண்டு வந்தார். வளைவில் புதுப் பொலிஸ் ஜீப் ஒன்று குறுக்கே நின்றது. சோமசேகரம் இறங்கிக் கையைக் காட்டினார். எனக்கு வழக்கம்போல வியர்த்தது.

"ஐசே, மேலை என்ன அது?"

எட்டிப் பார்த்தோம். கழற்ற முடியாத அந்த வளையத்தில் பளபளவென்று ஒரு சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"நான்தான் சேர் பூட்டினன், அழகுக்கு" என்றார் நானா.

"கலியாணம் எண்டாலும் சட்டம் சட்டம்தான். கழற்றும்."

பட்டுத் தலைப்பாகையோடு மாப்பிள்ளையே கூரையில் ஏறி விளக்கைக் கழற்றி ஒப்படைத்தான். இரண்டாம் முறை! இன்ஸ்பெக்டர் அதை வாங்கிக்கொண்டார்; முகத்தை மட்டும் கடுமையாகவே வைத்திருந்தார்.

"விளக்குப் போட்டுக்கொண்டு முன்னாலை போக எங்களுக்குத்தான் உரிமை இருக்கு" என்றவர், தன் ஜீப்பில் ஏறி விளக்கைப் போட்டார். "பின்னாலை வாரும். கலியாணத்துக்கு எனக்கும் சொன்னவர்தானே உம்மடை மாமா."

பொலிஸ் விளக்கு வழிகாட்ட, முனகிக்கொண்டு பின்னால் போனோம். இரண்டு பக்கமும் சைக்கிள்கள், எல்லாவற்றிலும் டபிள். இன்ஸ்பெக்டர் வலப்பக்கமும் பார்க்கவில்லை, இடப்பக்கமும் பார்க்கவில்லை. பெண் வீட்டு வாசல் வரைக்கும் ஒருவரும் சைக்கிளால் குதிக்கவில்லை.