நாற்பத்தேழாம் விளக்கு

அந்த நாடக அரங்கில் எல்லோரும் அவளைப் போர்டு அக்கா என்றே கூப்பிட்டார்கள். கடைசி வரிசைக்குப் பின்னால் இருக்கும் கண்ணாடி அறையில், மேடையின் எண்பது விளக்குகளையும் ஆட்டிவைக்கும் லைட் போர்டின் முன்னால், இருபத்திரண்டு வருடமாக உட்கார்ந்திருந்தாள். எந்த விளக்கு எப்போது எவ்வளவு எரிய வேண்டும் என்று ஒத்திகையிலேயே பதிந்துவிட்டால், நாடகத்தின்போது ஒரே பொத்தானை வரிசையாக அழுத்திக்கொண்டு போனால் போதும். கேட்பதற்குச் சுலபம். வந்து உட்கார்ந்து பார்த்தால் தெரியும் சேதி.

போர்டைச் செய்த கம்பெனிக்கு அவள் தீராத தலைவலி. குறை சொல்லவும் புது வசதி கேட்கவும் அவர்கள் ஒரு படிவம் வைத்திருந்தார்கள். பாவம், வைத்திருக்கக் கூடாது. ‘பதி’ பொத்தானுக்குப் பக்கத்திலேயே ‘அழி’ பொத்தானை வைத்த புண்ணியவான் யார் என்று கேட்டு ஒன்று எழுதினாள். திரை வெளிச்சம் முன்வரிசை வரைக்கும் அடிக்கிறது, குறைக்க வழி பண்ணுங்கள் என்று இன்னொன்று. இப்படி முப்பத்தொன்று அனுப்பியாயிற்று. சும்மா சொல்லக் கூடாது, அதில் நான்கை அவர்கள் செய்தும் கொடுத்தார்கள். அந்த நான்கையும் பெற்ற பிள்ளைகளைக் காட்டுவதுபோல வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவாள்.

ஏணியில் ஏறி விளக்கு மாட்டுகிறவள் அவளுடைய நாத்தனார், வீட்டுக்காரரின் தங்கை. இங்கே சேர்த்துவிட்டதும் அக்காதான். வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கிற ஒப்பந்த வேலை. அளந்து பேசுவாள், ஆனால் அவள் மாட்டிய விளக்கு ஆடியது என்று யாரும் சொன்னதில்லை.

வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குப் புது நாடகத்தின் அரங்கேற்றம். அதில் ஓர் இடத்தில் மேடை முழுக்க இருட்டாகும். திருடன் படியிறங்கி மறைந்துவிடுவான். வெளிச்சம் வரும்போது படி காலியாக இருக்க வேண்டும். நாடகமே அதில்தான் நிற்கிறது. புதன்கிழமை ஒத்திகையில் எல்லாம் அணைந்தது, படிக்கு மேலே இருந்த நாற்பத்தேழாம் விளக்கு மட்டும் மங்கலாக எரிந்துகொண்டே இருந்தது. செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு திருடன் பதுங்கிப் போவது பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. இயக்குநர் முதலில் சிரித்தார், அப்புறம் சிரிக்கவில்லை.

“போர்டுல ஒண்ணும் இல்ல. மேல பாருங்க” என்றாள் அக்கா, ஹெட்செட்டில். அழுத்தந்திருத்தமாகச் சொன்னாள். பார்த்துவிட்டுச் சொன்னாளா என்றால், இல்லை.

நாத்தனார் மேலே பார்த்தாள். ஒயரை மாற்றினாள், பிளக்கை மாற்றினாள், கடைசியில் விளக்கையே கழற்றி வேறு விளக்கை மாட்டினாள். புது விளக்கும் அதே மாதிரி மங்கலாக எரிந்தது. வெள்ளிக்கிழமை காலையில் மேனேஜர் எல்லோர் முன்னாலும் அவளைக் கூப்பிட்டார். “மூணு நாளா ஒரு விளக்கை அணைக்க முடியலன்னா, அடுத்த மாசம் ஒப்பந்தம் போடறப்ப நான் யோசிக்கணும்மா.”

அவள் மறுபடியும் ஏணியில் ஏறினாள். அக்காவுக்குச் சுருக்கென்றது. ஒரு கை பார்த்துவிடுவது என்று கம்பெனிக்குப் போன் போட்டாள். ஒரு பெண் எடுத்து, பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அந்த விளக்கை பார்க் பண்ணி வெச்சிருக்கீங்களா மேடம்?” என்றாள்.

பார்க் பண்ணுவது என்றால், ஒரு விளக்கை ஒரே அளவில் ஆணி அடித்தாற்போல நிறுத்திவைப்பது. அதற்குப் பிறகு யார் சொன்னாலும் அது கேட்காது.

“இந்தாம்மா, இருபத்திரண்டு வருஷமா இதே நாற்காலில உக்காந்திருக்கேன்.”

“சரி மேடம். மெனுல நாலாவது பக்கம், ஒரே ஒரு தடவை பாத்துருங்களேன்.”

பார்த்தாள். நாற்பத்தேழு, பதினைந்து சதவீதம். செவ்வாய்க்கிழமை மத்தியானம் போட்டோக்காரர், கால் தடுக்குது, படியில கொஞ்சம் வெளிச்சம் நிக்கட்டும் என்றார். இவள்தான் நிறுத்திவைத்தாள். அவர் படமெடுத்துக்கொண்டு போய்விட்டார்.

“இதை ஏம்மா நாலாவது பக்கத்துல ஒளிச்சு வெச்சிருக்கீங்க?”

“பார்க் பண்றவங்க ஞாபகம் வெச்சுக்கணும் மேடம்.”

“ஞாபகம் வெச்சுக்கத்தானேம்மா போர்டே வாங்கினோம்?” என்று சொல்லிப் போனை வைத்தாள். வாய் மட்டும் அடங்கவில்லை.

ஒரு பொத்தான் அழுத்தினால் போதும். ஏணியில் இருப்பவள் எதையோ முறுக்கும் நேரத்தில் விளக்கு அணையும். அவள்தான் சரிசெய்தாள் என்று மேனேஜரும் நம்புவார், அவளும் நம்புவாள். எல்லோருக்கும் நல்லது. மறைப்பானேன், அக்காவின் விரல் அந்தப் பொத்தான் வரைக்கும் போய்விட்டது. கண்ணாடி வழியே நிமிர்ந்து பார்த்தாள். நாத்தனார் ஏற்கெனவே நான்கு முறை பிரித்துப் பார்த்த பிளக்கை ஐந்தாம் முறையாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். அக்கா ஹெட்செட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். அதில் பேசினால் அரங்கில் வேலை செய்கிற அத்தனை பேருக்கும் கேட்கும்.

“எல்லாரும் கேளுங்க. நாப்பத்தேழை பார்க் பண்ணினது நான். பண்ணிட்டு மறந்துட்டேன். மேல ஒரு தப்பும் இல்ல, மூணு நாளா இருந்ததும் இல்ல. மேனேஜர் சார், காலைல சொன்னதை வாபஸ் வாங்கிக்கங்க. யோசிக்கணும்னா என்னைப் பத்தி யோசிங்க.”

யாரோ இருமினார்கள். “சரிம்மா, வாங்கிக்கிட்டேன்” என்றார் மேனேஜர். அக்கா பொத்தானை அழுத்தினாள். படி இருட்டுக்குள் போயிற்று.

நாத்தனார் கண்ணாடி அறைக்கு வந்தாள். உட்காரவில்லை.

“ஏணி ஏறினது பெருசில்ல அண்ணி. நேத்து வீட்ல சுவிட்சு போடறப்பகூட, சரியாத்தான் போடறேனான்னு நின்னு பாத்தேன்.”

அக்கா ஹெட்செட்டைக் கழற்றினாள். “பாக்காம சொல்லிட்டேன். தப்புதான். மன்னிச்சுக்கோ” என்றாள். இந்த வார்த்தையை அந்த வீட்டில் இதுவரை யாரும் அவள் வாயால் கேட்டதில்லை.

நாத்தனார் தலையை மட்டும் ஆட்டினாள். போகவும் இல்லை. அக்கா முப்பத்திரண்டாவது படிவத்தைத் திறந்து, பார்க் செய்த விளக்குகளை முதல் பக்கத்திலேயே சிவப்பில் காட்டும்படி கேட்டு எழுதினாள். கீழே, ‘இதனால் ஏற்பட்ட பாதிப்பு’ என்று ஒரு கட்டம். ஒத்திகை நேரம் வீணானது என்று அடித்தாள்.

“அதை அழிங்க” என்றாள் பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்தவள்.

அக்கா அழித்தாள்.

“நான் சொல்றேன், எழுதுங்க. வேலை தெரிஞ்ச ஒருத்தி, தனக்கு வேலை தெரியாதுன்னு மூணு நாள் நம்பிட்டா.”

அக்கா ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல் அதை அப்படியே எழுதினாள்.