ஆயுத பூஜையும் காற்று மோட்டாரும்

இருசம்மாளுக்கு எதையும் கேட்காமல் விடத் தெரியாது. செட்டிகுளத்துக் காடுகளில் வெங்காயம் பிடுங்கிக்கொண்டிருந்தவர், 2003-இல் பெரம்பலூர்ப் பக்கம் ஒரு கல்லூரிக்கு வேலைக்கு வந்தார். விடுதிக் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் வேலை. கழிவைத் தின்னும் நுண்ணுயிர்கள் வளர, மூன்று மாதம் சாணம் கரைத்து ஊற்றி அந்தத் தொட்டியைப் பழக்கியவர் அவர்தான். நான் அங்கே லேப் உதவியாளன்.

"சாக்கடை எப்புடி சார் தெளியுது?" என்று தினமும் என்னைக் குடைந்தெடுப்பார். தொல்லை தாங்காமல் ஒரு சொட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்துக் காட்டினேன். காம்பின் நுனியில் மணி கட்டியதுபோல ஏதேதோ உயிர்கள் ஆடின. அரை மணி நேரம் அவர் கண்ணை எடுக்கவில்லை.

"தின்னுதுங்களே! தின்ன சத்தெல்லாம் எங்க போவுது?"

அவை பெருகிப் பெருகிச் சேறாகப் படிகின்றன, சத்தும் அதிலேயே இருக்கிறது என்றேன். என் பேச்சை நம்பினால் அவர் இருசம்மாளா? சேற்றைக் காயவைத்து, அண்ணன் பழனிவேலின் மக்காச்சோளக் காட்டில் ஒரே ஒரு வரிசைக்கு மட்டும் போட்டார். அந்த வரிசை கருகருவென்று தலைதூக்கி நின்றது.

மறுவருடம் ஆயுத பூஜை. பராமரிப்பைக் கவனிக்கும் வைத்திலிங்கம், தொட்டிக்குக் காற்றடிக்கும் மோட்டாரைக் காலையிலேயே நிறுத்திக் கழுவிக் குங்குமம் வைத்துவிட்டார். நாளைக்குத்தான் ஓட வேண்டுமாம்.

"காத்து இல்லாட்டி உள்ள இருக்கறதெல்லாம் செத்துடும் சார்" என்றார் இருசம்மாள்.

"பூச்சிக்காக என்னைய சாமி குத்தம் பண்ணச் சொல்றியா?"

பக்கத்தில் நின்ற நான் மெல்ல லேபுக்கு நழுவிவிட்டேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

மதியம் வைத்திலிங்கம் லேபுக்குப் பொரி கொண்டுவந்தார். பின்னாலேயே இருசம்மாள், கையில் தொட்டித் தண்ணீரோடு. உள்ளே வந்தவர் லேப் மூலையிலிருந்த மீன்தொட்டியைப் பார்த்து நின்றுவிட்டார். காலையில் வைத்திலிங்கம் வைத்த குங்குமத்தோடு அதன் குட்டிப் பம்பு குமிழி விட்டுக்கொண்டிருந்தது.

"இத மட்டும் ஏன் சார் நிறுத்தல?"

"மீனு செத்துடுமே..." என்றார் வைத்திலிங்கம்.

நான் அவசரமாக ஒரு சொட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். மணிகள் சுருண்டு கிடந்தன. ஒன்றிரண்டுதான் அசைந்தன. குனிந்து பார்த்த வைத்திலிங்கம் நிமிர்ந்ததும் விறுவிறுவென்று நடந்தார். மோட்டாரை அவரே ஓடவிட்டார்.

அடுத்த ஆயுத பூஜைக்கு மோட்டார் நிற்கவில்லை. எல்லோருக்கும் பொரி கொடுத்து முடித்த வைத்திலிங்கம், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, தொட்டிக்குள்ளும் ஒரு பிடி போட்டார்.

இருசம்மாள் பார்த்துவிட்டார். "போடுங்க சார், வீணாவாது. சோளத்துல வந்துடும்."