கடவுச்சீட்டைக் கேட்காமல் தந்த துப்பாக்கி

சுவிஸில் ஆராவ் நகரப் பக்கத்தில் வீடு காலி செய்து கொடுக்கும் வேலையில் இருபத்தாறு வருடம் இருந்தேன். ஒருவர் இறந்தாலோ முதியோர் இல்லத்துக்குப் போனாலோ அலுமாரி முதல் ஊறுகாய்ப் போத்தல் வரை நாங்கள்தான் இறக்குவோம். பியானோகூடத் தூக்கியிருக்கிறேன். துப்பாக்கி தூக்கியது ஒரே ஒரு நாள்.

1. சுவரில் இருந்த சாமான்

அந்த வீட்டு அம்மாவின் பெயர் மார்கிரித். கணவர் இறந்து இரண்டு மாதம்; சின்ன வீடொன்றுக்கு மாறிக்கொண்டிருந்தார். பன்னிரண்டு வருடமாக அவர்களுக்குச் சாமான் ஏற்றி இறக்கிய பழக்கம் எனக்கு. கடைசிப் பெட்டியும் இறங்கிய பிறகு, சுவரில் தொங்கிய பழைய நீளத் துப்பாக்கியைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.

"இதை நீங்கள் வைச்சிருங்கோ, சிவா. அவர் இருந்தாலும் உங்களுக்குத்தான் குடுத்திருப்பார்."

அவர் சொன்னது சுவிஸ் ஜேர்மனில். என் மண்டைக்குள் எல்லாரும் யாழ்ப்பாணத் தமிழ்தான் கதைப்பார்கள். வயதானவர் ஆசையாக நீட்டுவதை வேண்டாமென்று தள்ளுவது எங்கள் ஆட்களுக்கு வராது. மணிக்கூடு வாங்குகிற மாதிரி இரண்டு கையாலும் வாங்கி, போர்வையில் சுற்றி எங்கள் சாமான் வானுக்குள் வைத்தேன்.

என்னோடு வேலை செய்த ரேட்டோ, சுவிஸ்காரன், அதைக் கண்டதும் வண்டியை ஓடவிடாமல் திறப்பைப் பறித்துக்கொண்டான்.

"ஒப்பந்தம் எழுதினீரோ?"

"என்ன ஒப்பந்தம்? சும்மா தந்தது."

"சும்மா தந்தாலும் எழுதவேணும். ஒரு பிரதி எங்கட கன்டோன் அரசாங்கத்தின்ர ஆயுத அலுவலகத்துக்குப் போகவேணும். பிஸ்டலெண்டா முதலே அனுமதிப் பத்திரம் எடுக்கவேணும். நில்லும், உம்மட பாஸ்போட் என்ன?"

"சிறிலங்கா."

போனில் தேடிக் காட்டினான். சில நாட்டுக் குடிமக்கள் ஆயுதம் வாங்கவும் கூடாது, வைத்திருக்கவும் கூடாது என்று ஒரு பட்டியல். அதில் எங்கள் நாடும் இருந்தது. அந்த நேரம் என் சுவிஸ் குடியுரிமை விண்ணப்பம் நகரசபையில் கிடந்தது. பொலிஸுக்கு இது போனால் அது அதோடு முடிந்துவிடும்.

2. யாருக்கு யாரைத் தெரியும்

ரேட்டோ ஒரு வழி சொன்னான். "திருப்பிக் குடும். நான் அம்மாவோட ஒப்பந்தம் எழுதி எடுக்கிறன். நீர் தொட்டது ஒருத்தருக்கும் தெரியாது."

வாசலில் நின்ற மார்கிரித் மாட்டேன் என்று தலையாட்டினார். "இவரை எனக்கு இண்டைக்குத்தானே தெரியும்."

பயத்துக்குள்ளும் எனக்கு அது விசித்திரமாக இருந்தது. சட்டம் ரேட்டோவை நம்புகிறது, என்னை நம்பவில்லை. இந்த அம்மா என்னை நம்புகிறார், ரேட்டோவை நம்பவில்லை. இரண்டில் எது சரியான சோதனை? இன்றைக்கும் எனக்கு முழுதாக விடை தெரியாது. ஆனால் ஒளித்தால் அந்த அம்மாவையும் பொய்க்குள் இழுத்துவிடுவேன் என்பது மட்டும் தெரிந்தது. பொலிஸுக்கு நானே போன் எடுத்தேன்.

வந்த பொலிஸ்காரர் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு என் பெயரை எழுதினார். பிறகு மார்கிரித்தைக் கேட்டார்.

"ஏன் இவரிட்டப் பாஸ்போட் பாக்கேல்லை?"

"இவ்வளவு காலம் தெரிஞ்ச மனுசனிட்ட அதைக் கேக்கிறது மரியாதையோ?"

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த நாட்டில் வேலைக்கும் வீட்டுக்கும் எல்லாரும் முதலில் கேட்பது என் வதிவிட அட்டையைத்தான். கேட்காத ஒரே ஆள், என்னை மாட்டிவிட்ட ஆளாகவும் போய்விட்டார்.

குடியுரிமை நேர்காணலில் பொலிஸ் எழுதிய அந்தக் குறிப்பு என் கோப்பில் இருந்தது. "நீங்களே ஏன் பொலிஸைக் கூப்பிட்டீங்கள்?" என்று ஒரு பெண் அதிகாரி கேட்டார்.

"அந்த அம்மா கேக்கேல்லை. அதால நானாச் சொல்லவேண்டியதாப் போச்சு" என்றேன். அவர் கோப்பை மூடிவைத்தார்.

குடியுரிமை கிடைத்ததும் மார்கிரித்தின் புது வீட்டுக்குப் போனேன். வேலையில் நான் படித்ததைச் சொன்னேன். கேள்வி கேட்பது அவமதிப்பு இல்லை, வாங்குகிறவனுக்கும் அது ஒரு காவல்.

"இனி ஆருக்கு என்ன குடுத்தாலும் கேளுங்கோ, அம்மா. என்னட்டையும் கேளுங்கோ. எனக்கு நோகாது."

அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கையை நீட்டினார்.

"அப்ப காட்டுங்கோ."

புதுச் சிவப்புச் சுவிஸ் பாஸ்போட்டைக் கொடுத்தேன். கடைசிப் பக்கம் வரை புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் கோப்பி ஊற்றினார்.