அரை நாள் பிந்திய வெளிச்சம்

லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் பிந்தி வரும் பெட்டிகளுக்கென்று ஒரு கவுண்டர் இருக்கிறது. டொலறஸ் அக்காவும் நானும் அங்கேதான் வேலை. பெட்டி வராதவர்கள் எங்களைத் திட்டுவார்கள். நான் சுடச்சுடத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். அக்கா மட்டும், ஒன்றாகப் புறப்பட்டதெல்லாம் ஒன்றாக வந்து சேர்வதில்லை என்று சாந்தமாகச் சொல்லுவார். அதைச் சொல்ல அவரைவிட உரிமை உள்ளவர் யாருமில்லை.

1999 செப்டெம்பரில் அவரும் கணவர் சூசைதாசனும் கொழும்பிலிருந்து ஒரே நாளில் வெளிக்கிட்டார்கள். களவாக ஆள் அனுப்பும் ஏஜென்ட் இருவரையும் வெவ்வேறு வழியால் அனுப்பினான். அக்கா ஒன்பது நாளில் லண்டன் வந்தார். கிறிஸ்மசுக்குள் கணவரும் வந்துவிடுவார் என்று ஏஜென்ட் சொன்னதை நம்பி, கிறிஸ்மஸ் அன்று ஹவுன்ஸ்லோவில் ஒரு சின்ன அறையில் இரண்டு பேருக்குச் சமைத்து வைத்துவிட்டுத் தனியே இருந்து அழுதார். சூசைதாசன் அண்ணை வந்து சேர்ந்தது மே மாதம். இடையில் என்ன நடந்தது என்று கேட்டால், "வந்திட்டன்தானே" என்பார். இருபத்தைந்து வருடமாக அதே பதில். மற்ற எல்லாவற்றுக்கும் வாய் ஓயாமல் பேசுகிற மனிதர். எனக்கென்றால் எரிச்சல்தான் வரும். அக்காவோ பக்கத்தில் இருக்கிற புருஷனுக்காகவே ஏங்கினார். அந்த எட்டு மாதம் அவரிடம் இன்னும் வந்து சேரவில்லை.

போன வருடம் அக்காவுக்குப் புதுப் பைத்தியம் ஒன்று பிடித்தது. ஒரு ஆய்வுக்குழு இணையத்தில் பொதுமக்களிடம் உதவி கேட்டிருந்தது. விண்வெளியில் எங்கோ தொலைவில் இருக்கும் ஒரு சுடரின் ஒளி, வழியில் நிற்கும் ஒரு நட்சத்திர மண்டலத்தின் ஈர்ப்பில் வளைந்து இரண்டு பாதையால் வருகிறதாம். வானத்தில் இரண்டு புள்ளியாகத் தெரியும். ஒன்று இன்று மினுங்கினால், மற்றது அதேபோல மினுங்கப் பல நாள் செல்லும். இரண்டும் மினுங்குவதைக் காட்டும் வரைகோடுகளைப் பொருத்தி எத்தனை நாள் பிந்துகிறது என்று பார்ப்பதுதான் வேலை. நாற்பது நாள் என்று எதிர்பார்த்த இடத்தில் அக்காவுக்கு நாற்பதரை வந்தது. தன் பிழை என்று ஏழு முறை பார்த்தார். மற்றவர்களுக்கும் அப்படியே வந்திருப்பதாக ஆய்வுக்குழு பதில் எழுதியது. வழியில் கரும்பொருள் ஒரு கட்டியாகத் திரண்டு கிடக்கலாம். அது எந்தக் கருவிக்கும் தெரியாது, அதன் பாரம் மட்டும் இந்த அரை நாளில் தெரிகிறது.

அன்று பின்னேரம் அக்கா கணவரைக் கூப்பிட்டு அந்தக் கோடுகளைக் காட்டினார்.

"ரெண்டும் ஒரே வெளிச்சம். ஒண்டாத்தான் வெளிக்கிட்டது."

"பிறகேன் இது பிந்தினது?"

"இடையிலை பாரமா ஏதோ இருந்திருக்கு. கண்ணுக்குத் தெரியாது."

"தெரியாட்டி, இருக்கெண்டு எப்பிடிச் சொல்லுறீர்?"

"பிந்தினபடியாத்தான்."

அண்ணை தேத்தண்ணிக் கோப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

நவம்பர் இரண்டாம் திகதி மரித்தவர்களுக்காகக் கத்தோலிக்கக் கோயிலில் மெழுகுதிரி கொளுத்துவார்கள். அவர்கள் வீட்டில் மரித்தவர்கள் ஐந்து பேர்: இரண்டு பக்கத்துத் தாய் தகப்பன், அக்காவின் தங்கை. அண்ணை வருடாவருடம் ஆறு கொளுத்துவார். எண்ணத் தெரியாத மனிசன் என்றே அக்கா நினைத்திருந்தார். இந்த முறை அண்ணையிடம் ஐந்தைக் கொடுத்துவிட்டு ஆறாவதைக் கையில் வைத்துக்கொண்டார்.

"இது ஆருக்கு? பேரை மட்டும் சொல்லுங்கோ. வேறை ஒண்டும் கேக்கமாட்டன்."

அண்ணை கையிலிருந்த ஐந்தையும் ஒவ்வொன்றாகக் கொளுத்தி வைத்தார்.

"குருமூர்த்தி. என்னோடை வந்தவர். சைவ சமயம். மெழுகுதிரி கொளுத்தலாமோ எண்டு நான் ஆரிட்டையும் கேக்கேல்லை." பிறகு, கேட்காததையும் சொன்னார். "வழியிலை எழும்ப ஏலாத வருத்தமாக் கிடந்தவர். விட்டிட்டு வா எண்டு ஏஜென்ட் சொன்னவன். கண்ணை மூடுமட்டும் பக்கத்திலை இருந்தன். விட்டிட்டு வந்திருந்தா, கிறிஸ்மசுக்கு உம்மட்டை வந்திருப்பன்."

அக்கா தன் தங்கையின் சுடரில் ஆறாவதைப் பற்றவைத்து, அதன் பக்கத்திலேயே வைத்தார். இதையெல்லாம் கவுண்டரில் எனக்குச் சொன்னபோதுதான் அழுதார்.

அந்த வருடக் கிறிஸ்மசுக்கு அவர் மூன்று பேருக்குச் சமைத்தார். ஒருவருக்கு மரக்கறி.