துனிசுக்குப் போகிற கப்பல்

எங்கள் வீட்டில் விடுமுறை என்றால் பாரிஸில் இருக்கும் மச்சாளின் வீடு. மச்சாள் என் கணவரின் அக்கா. ஆண்டுதோறும் ஆகஸ்டில், இத்தாலியின் பலெர்மோ நகரில், பிரான்காச்சோப் பகுதியில் இருக்கும் எங்கள் நான்காம் மாடி வீட்டிலிருந்து பெரிய சட்டிகளையும் நான் வறுத்து இடித்த மிளகாய்த்தூளையும் இறக்கிக் காரில் அடுக்குவோம். காரை வடக்கே ஜெனோவாவுக்குப் போகிற கப்பலில் ஏற்றி, இறங்கிய பிறகு பாரிஸுக்கு நாள் முழுக்க ஓடுவோம். போய்ச் சேர்ந்த மறுநாளே, "உன்ரை கைப்பக்குவம் ஆருக்கும் வராது" என்று மச்சாள் அகப்பையை நீட்டிவிடுவார். பிறகு வருகிற போகிற சொந்தங்களுக்கெல்லாம் என் சமையல்தான். பலெர்மோவில் நான் வேலை செய்யும் வீட்டு எசமானி சிஞ்ஞோராவாவது ஞாயிற்றுக்கிழமை லீவு தருகிறார்.

போன வருடம் எங்களுக்கு இத்தாலியக் கடவுச்சீட்டு கிடைத்தது; இனி ஐரோப்பாவுக்கு வெளியேயும் சுலபமாகப் போய்வரலாம். இந்த வருடம் வியா மக்வேதா வீதிக்குப் பக்கத்துக் கடையில் கப்பல் டிக்கெட் எடுக்கப் போனோம். அங்கே இருந்த பெண் கேட்க முதலே கணவர் ஜெனோவா என்றார். அவள் திரையைத் திருப்பிக் காட்டினாள். ஜெனோவாவுக்குக் கீழே துனிஸ் என்று இருந்தது. அதிலும் கார் ஏற்றலாமா என்று கேட்டேன். ஏற்றலாம், காலையில் ஏறினால் அன்றைக்கே ஆபிரிக்கா என்றாள்.

"துனிசுக்குப் போவம்" என்றேன். கணவர் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"சிரிக்காதேங்கோ. ஜெனோவாவெண்டால் நீங்கள் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போங்கோ. நான் இஞ்சை காலை நீட்டிக்கொண்டு கிடக்கிறன்."

"அக்கா என்ன நினைப்பா?"

"சமைக்க ஆள் இல்லையெண்டு நினைப்பா."

கூட வந்திருந்த மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். கணவர் போனை எடுத்தார். அந்த இடத்திலேயே பாரிஸுக்கு அழைத்து, "நீயே சொல்லு" என்று போனை என் கையில் திணித்தார். நான் பின்வாங்கிவிடுவேன் என்று நினைத்திருப்பார். பயமாகத்தான் இருந்தது. கலியாணம் கட்டிய நாளிலிருந்து நான் மச்சாளுக்கு இல்லை என்று ஒரு சொல் சொன்னதில்லை.

"மச்சாள், இந்த முறை நாங்கள் வரேல்லை. துனிசுக்குப் போறம்."

மச்சாள் உண்மையிலேயே குழம்பிப்போய்க் கேட்டார்.

"துனிசிலையோ? அங்கை எங்கடை ஆக்கள் ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை மச்சாள். அதுக்குத்தான் போறம்."

போனைக் கணவரிடம் கொடுத்துவிட்டு, நான்கு பேர், ஒரு கார் என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன்.