பேஸ்மென்ட்டும் லிவிங் ரூமும்

சென்ற ஆண்டு இலையுதிர் காலத்தில், நியூ ஜெர்சியில் நடந்தது இது. பிளெய்ன்ஸ்பரோவில் ஒரு மருந்து ஆய்வகத்தில் எனக்கு வேலை. மிச்ச நேரமெல்லாம் நிப்பும் கறுப்பு மையும்தான். எங்கள் தமிழ் நண்பர்கள் ஓவியக் கண்காட்சி வைக்கிறார்கள் என்றதும், ஆய்வகத் தோழியை வரைய உட்கார்ந்துவிட்டேன்.

அவள் ரோமா இனத்தவள். பல நூற்றாண்டுகளுக்கு முன் இந்தியாவிலிருந்து போனவர்களின் வழிவந்தவள். உலகம் ‘ஜிப்ஸி’ என்று சொல்லும் மக்கள். அவர்களைப் பற்றிய பழைய மைச் சித்திரங்களைத் தேடினால் எல்லாவற்றிலும் கூண்டு வண்டி, பெரிய காதணி, கைரேகை பார்க்கும் கிழவி! அவளிடம் காட்டினேன். தன் அம்மா ஸ்கூல் பஸ் ஓட்டுவதாகச் சொல்லிச் சிரித்தாள். நான் அவளை லேப் கோட்டோடு, மைக்ரோவேவ் முன் டிபன் டப்பாவுடன் நிற்பவளாக வரைந்தேன். அடியில் இனத்தின் பெயரை எழுதச் சொன்னது அவள்தான். ஆபீஸில் இத்தாலிக்காரி என்று நினைத்திருந்தார்கள். மறைத்து மறைத்து அலுத்துவிட்டதாம்.

அந்த மாதமே அவள் வீட்டைக் காலி செய்தாக வேண்டும். எனக்குத் தெரிந்த ஈஸ்ட் பிரன்ஸ்விக் ஆன்ட்டி தன் பேஸ்மென்ட்டை வாடகைக்குத் தருவதாகச் சொல்லி, அவளை உட்கார வைத்து வத்தக்குழம்பும் போட்டிருந்தார்.

கண்காட்சிக்கு வந்த ஆன்ட்டி அந்தப் படத்தைவிட்டு நகரவே இல்லை.

“அடடா, என்ன களை! படத்துலயும் நம்ம மாயவரத்துப் பொண்ணு மாதிரியே இருக்கா. ஆமா, ரோமான்னு போட்டிருக்கியே, அப்படின்னா?”

உற்சாகத்தில் வரலாறு முழுவதையும் கொட்டினேன்.

“ஜிப்ஸியா? நம்ம ஊர்ல ஊசி மணி விக்கிறவங்க மாதிரியா? ஐயோ, மொதல்லயே சொல்லக் கூடாதா? அங்கிள் ஒத்துக்க மாட்டார்மா. பேஸ்மென்ட் வேற யாருக்கோ பேசியாச்சுன்னு நாசூக்கா சொல்லிடு.”

அதோடு முடியவில்லை. கிளம்பும்போது திரும்பி வந்தார்.

“அந்தப் படத்தை எனக்குக் குடுத்துடேன். லிவிங் ரூம்ல மாட்டினா அம்சமா இருக்கும். அடியில இருக்கிற எழுத்து தெரியாம ஃப்ரேம் போட்டுக்கறேன்.”

தர மாட்டேன் என்று தலையை ஆட்டினேன்.

விஷயத்தைச் சொன்னபோது தோழி அதிரவில்லை. அடுத்த வீட்டு விளம்பரத்தைப் போனில் தேடத் தொடங்கினாள், அவ்வளவுதான். அந்தப் பழக்கப்பட்ட விரல்களைப் பார்த்தபோதுதான் இது அவளுக்கு முதல் முறையல்ல என்று எனக்குப் புரிந்தது.

இப்போது எங்கிருந்தோ ரயில் பிடித்து வேலைக்கு வருகிறாள். என் கோடுகளை யார் பாராட்டினாலும், இவர் வீட்டுக் கதவு அவளுக்குத் திறக்குமா என்றுதான் முதலில் நினைக்கத் தோன்றுகிறது.