மாமாவின் இடது கை

என் மாமா அழகுசாதனக் கடையில் லாக்டிக் ஆசிட் விற்கிறார். ஷாம்புக்கும் சீப்புக்கும் நடுவே ஒரு குறுகலான கவுண்டர், தலைக்கு மேல் கண் கூசும் விளக்கு. கம்பெனி கொடுத்த வெள்ளைக் கோட்டைப் போட்ட அன்றே அவர் குரல் மாறிவிட்டது. வீட்டில் "ஏய், அந்தத் துண்ட எடு!" என்று கத்துகிற மனிதர், கவுண்டரில் மூக்கால் கொஞ்சுவார்.

"பயப்படாதீங்க மேடம், பேருதான் ஆசிட்டு. பால் புளிச்சா வருமே, அதே சமாச்சாரம். மேல இருக்கிற செத்த தோலை மெதுவாக் கழட்டிடும். ஈரத்தையும் பிடிச்சு வச்சுக்கும்."

இதுவரை சரி. பிறகுதான் நாடகம். இரண்டு கைகளையும் விளக்குக்குக் கீழே நீட்டுவார்.

"இதுல எந்தக் கைக்கு இருபது வயசு, சொல்லுங்க பாப்போம்!"

இடது கைக்குத்தான். வருகிறவர்களுக்கெல்லாம் அந்தப் புறங்கையில்தான் தடவிக் காட்டுவார். அதுவும் பார்லர்காரர்கள் வாங்கும் காட்டமான பாட்டில். பத்து நிமிடத்தில் கழுவியே ஆக வேண்டும். வருடக்கணக்கில் தடவித் தடவி அந்தக் கைக்குச் சொரணையே போய்விட்டது. முகத்தில் மட்டும் ஒரு சொட்டு வைத்ததில்லை; அதற்குத் துணி சோப்பு போதும் என்பது அவர் கொள்கை.

அந்தக் கடையில் உட்கார அனுமதி உள்ள ஒரே ஆள் சூப்பர்வைசர். மற்றவர்கள் காலையிலிருந்து கடை மூடும்வரை நிற்க வேண்டும். அந்த நாற்காலி காலியானது. ஆள் தேர்ந்தெடுக்கத் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு மேடம் வருவதாகச் செய்தி. மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. மேடம் வரும் நாள் காலை, சவரம் முடித்த கையோடு பார்லர் பாட்டிலைத் திறந்தார்.

"இப்பதானே சவரம் பண்ணீங்க? எரியப் போகுது," என்றாள் அத்தை.

"எனக்கே பாடமா? தினம் கையில போடுறேன், என்ன ஆச்சு? கையும் தோல்தான், மூஞ்சியும் தோல்தான்."

"கை பாத்திரம் தேய்க்கும். மூஞ்சியால தேய்ப்பீங்களா?"

சற்று நேரத்தில் மாமா ஒற்றைக் காலில் குதிக்க ஆரம்பித்தார்.

"மாமா, எரியுதா?" என்றேன்.

"எரிஞ்சாத்தான்டா... ஸ்ஸ்... வேலை செய்யுதுன்னு... ஸ்ஸ்ஆ... அர்த்தம்!"

பத்து நிமிடம் ஆனதும் கழுவினாரா? முக்கியமான நாளாம், இன்னும் கொஞ்சம் ஊறட்டுமாம். பிறகு சுள்ளென்ற வெயிலில் ஸ்கூட்டரை எடுத்தார். 'சன்ஸ்க்ரீன் போடாம வெளிய போனா நான் பொறுப்பில்ல மேடம்' என்று ஊருக்கெல்லாம் சொல்லி விற்பவர், தான் போடவில்லை. வேடிக்கையை விட மனமில்லாமல் நானும் பின்னால் ஏறிக்கொண்டேன். கடை வாசலில் இறங்கியபோது முகம் வேகவைத்த தக்காளி. மூக்கோரம் தோல் சுருண்டு நின்றது.

மேடம் வயதில் சின்னவர். பேச்சில் அவசரமே இல்லை.

"என்ன சார் ஆச்சு முகத்துக்கு? நம்ம பாட்டிலா?"

'நேரம் பார்க்காம விட்டுட்டேன், என் தப்பு' என்று ஒரு வரி. அவ்வளவு போதும், பிழைத்திருப்பார். அது வந்தால் அவர் என் மாமாவே இல்லை.

"ஐயோ, நம்ம சரக்கு தங்கம் மேடம்! என் மூஞ்சிதான் மேடம் மட்டம்!"

"எவ்ளோ நேரம் வச்சிருந்தீங்க?"

"கைக்கு வைக்கிற மாதிரிதான் மேடம்... கூடக் கொஞ்சம்..."

"கஸ்டமருக்கும் இப்படித்தான் சொல்லிக் குடுக்குறீங்களா?"

மாமா பல்லைக் காட்டினார். காட்டியதில் கன்னம் வெடித்தது.

நாற்காலி நகப்பூச்சு விற்கும் அக்காவுக்குப் போனது. உட்கார்ந்ததும் அவள் போட்ட முதல் உத்தரவு, முகம் ஆறும்வரை மாமா சீப்பு விற்க வேண்டும் என்பதுதான்.

வீட்டுக்கு வந்த மாமா வாசலிலேயே ஆரம்பித்தார். "கெஞ்சினாங்கடி. எனக்கு அந்தப் பதவியே வேணாம்னு நான்தான்..."

அத்தை ஈரத் துணியைப் பிழிந்து அவர் முகத்தில் போட்டாள்.

"வாயை மூடுங்க. பேசப் பேச உரியுது."